சப்பாணிப் பருவம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் இருக்கிறது. அதில் செங்கீரைப் பருவத்துப் பாடல். பிரசவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய புதிதில் நான் நடத்திய செய்யுள் அது. "இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது செங்கீரை. ஐந்தாம் மாதம்" என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் சாக்பீஸை வைக்க முடியவில்லை. வீட்டில் என் மகனுக்கு ஏழு மாதம் நிறைந்திருந்தது. கழுத்து இன்னும் நிற்கவில்லை.

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன் அவன். எங்கள் பக்கத்துப் பேச்சில் குறைமாசப் பிள்ளை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்படிப் பிறந்த குழந்தைக்கு வயதை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி, நான் கரும்பலகையில் எழுதிய அன்று அவனுக்குச் சரியாக ஐந்தாம் மாதம்.

பதினைந்து வருடமாகப் பிள்ளைத்தமிழ் நடத்துகிறேன். பத்துப் பருவங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவை ஒரு குழந்தையின் கழுத்தும் முதுகும் கையும் காலும் எந்த வரிசையில் உறுதிப்படுகின்றன என்று உற்றுப் பார்த்தவர்கள் எழுதிவைத்த கணக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாட்டியல் நூல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபடும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒற்றைப்படை மாதங்களில் போகிறது. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினோராம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வருகை. பிறகு அம்புலி. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இருபத்தொன்றாம் மாதத்தில் கணக்கு முடிகிறது. இன்று குழந்தை மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணைகளும் கிட்டத்தட்ட இந்த வயதெல்லையைத்தான் பார்க்கின்றன. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான அட்டவணை, பதினேழே கேள்விகளில் இரண்டு வயது வரையிலான வளர்ச்சியைச் சோதிக்கிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது, நடுவில் ஒரு பென்சிலை நேர்கோடாக வைத்து மாதத்தைக் குறிக்கும் அந்தத் தாளை, பிள்ளைத்தமிழின் தங்கச்சி என்றுதான் நினைத்தேன்.

இந்த மரபுக்கு எங்கள் வட்டாரத்தில் வேர் ஆழம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாலும் செங்கீரையும் சப்பாணியும் பாடினார். தளர்நடைக்கென்றே தனியாக ஒரு பதிகம் வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னனுக்குக் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். மீனாட்சியே சிறுமியாக வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டு, முத்துமாலையைப் புலவர் கழுத்தில் போட்டாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அந்தக் குமரகுருபரரே தாமதமாக வளர்ந்த பிள்ளை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை, பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள், முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று வரலாறு சொல்லிவருகிறோம். நானே எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். குழந்தையின் ஒவ்வொரு மாதத்தையும் பாடிய புலவர், தன் வீட்டில் மாதங்கள் தவறிய குழந்தையாக இருந்திருக்கிறார். அந்தத் தாய் சிவகாமசுந்தரி ஐந்து வருடமும் எப்படி இருந்திருப்பாள் என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எந்த நூலும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதை மருந்தாக வந்தது. "குமரகுருபரர் அஞ்சு வயசுல பேசலையா? நீதானத்தா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற. பொறு" என்றார் என் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். அவருடைய மாமியார், என் கணவரின் அப்பத்தா, பழங்காநத்தத்தில் இருந்துதான் அந்தக் காலத்தில் தெற்கே போகும் பஸ்ஸெல்லாம் கிளம்பும் என்பார். மாட்டுத்தாவணி பஸ் நிலையம் 1999-இல் வருவதற்கு முந்தைய காலம் அது. நடக்காத பிள்ளையையும் பேசாத பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் வண்டிக்கு நிற்கும் பெண்களைப் பழங்காநத்தத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னார். நாங்களும் போனோம். கடலில் அவன் காலை நனைத்தேன். கால் விரல்கள் கீழ்நோக்கி விறைத்து நின்றன.

அந்த விறைப்பை எங்கள் வீட்டில் ஒருவரும் நோயாகப் பார்க்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் இரண்டு காலையும் கத்தரிபோல் பின்னிக்கொண்டு நுனிவிரலில் நிற்பான். "இவன் இப்பவே நிக்குறான்டி, கால் இரும்பு மாதிரி இருக்கு" என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார். நான்காம் மாதத்திலிருந்தே அவன் விரல்கள் மூடியே கிடந்தன. கட்டை விரல் உள்ளே மடங்கி இருக்கும். குளிப்பாட்டும்போது உள்ளங்கையில் சேரும் அழுக்கைத் துணிநுனியால் துடைத்து எடுப்பேன். இறுக்கமாகப் பிடிக்கிறான் என்று நானும் நினைத்தேன். இரும்புக்கால் என்று நாங்கள் கொண்டாடியது தசை இறுக்கம். அது தெரிய ஒன்பதாம் மாதம் ஆயிற்று. ஐந்து மாதம் போயிருந்தது.

ஸ்கேன் படத்தில் மூளையின் உள்ளறைகளை ஒட்டிய வெண்பகுதியில் தழும்பு இருந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அடிபட வாய்ப்புள்ள இடம் அது. கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. அதனால்தான் கையைவிடக் காலில் இறுக்கம் அதிகம் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். நோயின் பெயரைக் கேட்டேன். "வளர்ச்சித் தாமதம்னு எழுதுறேன். சி.பி.யா இருக்கலாம். உறுதியாச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் ஆகும். ஆனா பெயருக்காகக் காத்திருக்காதீங்கம்மா, பயிற்சியை இன்னைக்கே ஆரம்பிங்க" என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடு அடுத்த ஒன்றேகால் வருடம் நாங்கள் குடியிருந்தோம்.

பெயர் தாமதமாக வருவது என் மகனுக்கு மட்டுமான கதை இல்லை. அந்த நோய்க்கே பெயர் தாமதமாகத்தான் வந்தது. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது; ஜெர்மனிக்குப் போய் அறுவை செய்து சரிப்படுத்திக்கொண்டவர். குறைப்பிரசவமும் கடினமான பிரசவமும் பிறந்தவுடன் மூச்சுத் திணறலும் குழந்தையின் கைகால்களை விறைக்க வைக்கலாம் என்று 1861-இல் அவர் எடுத்துச்சொன்னார். கொஞ்ச காலம் அது லிட்டில் நோய் என்றே வழங்கியது. 1889-இல் வில்லியம் ஆஸ்லர் எழுதிய நூலின் தலைப்பில், சி.பி. என்பதன் விரிவான செரிப்ரல் பால்சி என்ற பெயர் வந்தது. மனத்தை ஆராய்ந்தவராக நாம் அறிந்த சிக்மண்ட் பிராய்ட், அதற்கு முன் குழந்தைகளின் நரம்பு நோய்களைப் பார்த்தவர். பிரசவக் கஷ்டம் எப்போதும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, வயிற்றில் முன்பே நேர்ந்த பாதிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று 1897-இல் எழுதினார். பிரசவ அறையில் நான் செய்த தவறு என்ன என்று இரவெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் இதைப் படித்தேன். நூற்றிருபத்தைந்து வருடப் பழைய வாதம் ஒன்று என்னைக் கொஞ்சம் தூங்கவைத்தது.

தமிழில் அதை மூளை முடக்குவாதம் என்கிறோம். அந்தச் சொல்லும் நம் தெருக்களுக்குப் பிந்தி வந்ததுதான். அதுவரை நடக்காத பிள்ளை எல்லாம் இளம்பிள்ளை வாதம். போலியோ அவ்வளவு பேரைத் தாக்கியிருந்ததால் வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. போலியோவில் கால் துவண்டு மெலியும்; என் மகனுக்கு விறைத்து இறுகும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பரிதாபம். இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவாயிற்று. அந்த நோய் விலகிய பிறகுதான் அதன் நிழலில் மறைந்திருந்த இந்தக் குழந்தைகள் தனியாகக் கண்ணில் பட்டார்கள்.

போலியோவுக்கும் முன்னால் எங்கள் ஊரில் புழங்கிய சொல் சப்பாணி.

பாணி என்றால் கை. கையோடு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஒன்பதாம் மாதம் குழந்தை நிலையாக உட்கார்ந்து, கைகள் தரையிலிருந்து விடுபட்டு, நடுவில் சந்தித்துத் தட்டிக்கொள்ளும் மகிழ்ச்சிக்குப் புலவர்கள் வைத்த பெயர். அதே சொல்தான் எழுந்து நடக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருப்பவருக்கும் பெயராயிற்று. எந்த நூற்றாண்டில் அது கைதட்டலிலிருந்து ஏச்சாகச் சரிந்தது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. ஆனால் சரிவு எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். ஒன்பது மாதத்தில் சப்பாணி கொட்டினால் அழகு. ஒன்பது வயதிலும் உட்கார்ந்தே இருந்தால் அதே சொல்லில் அழகு போய்விடுகிறது. மாறியது பிள்ளையின் வயதும் பார்ப்பவரின் கண்ணும்தான்.

1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தில் கமல்ஹாசனின் பாத்திரத்துக்கு ஊர் வைத்த பெயர் சப்பாணி. சொந்தப் பெயர் கோபாலகிருஷ்ணன். சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று நாயகி மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் முதல் பொருளே அந்தச் சாய்ந்த நடைதான். எங்கள் பக்கம் சப்பாணி என்று சாமிக்கும் பெயர் உண்டு; அந்தச் சாமியின் பெயரை மனிதர்களுக்கும் வைத்தார்கள். கும்பிட்ட பெயரையே ஏசவும் எடுத்துக்கொண்ட ஊர் இது.

மதுரையின் கதைகளை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார்த்தேன். கூன்பாண்டியனுக்குச் சம்பந்தர் அருளால் கூன் நிமிர்ந்தது. நின்றசீர் நெடுமாறன் ஆனான். நொண்டி நாடகங்களில் களவுக்குத் தண்டனையாகக் காலை இழந்தவன், இறைவனை வேண்டிக் காலைத் திரும்பப் பெறுகிறான். குமரகுருபரர் ஐந்து வயதில் வாய் திறந்தார். ஒவ்வொரு கதையிலும் முதலில் குறை இருக்கிறது, கடைசியில் அருள் இருக்கிறது. நடுவில் இருந்த நாட்கள் ஒரு வரியில் போய்விடுகின்றன. நிமிர்ந்த அன்றோடு கதையும் முடிகிறது. நிமிராதவனுக்குக் கதையே கிடையாது. நானும் என் மகனும் வாழ்வது அந்த நடு வரியில்.

அந்த நடு நாட்களை நம் காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். மிது அலூர் தன் மகள் மாலினிக்குப் படிக்க இடமில்லாமல் 1972-இல் மும்பையில் இந்திய ஸ்பாஸ்டிக் சங்கத்தைத் தொடங்கினார். அந்த மகள் படித்துப் பட்டம் பெற்று, ஒரே விரலால் தட்டச்சு செய்து தன் வரலாற்றை நூலாக எழுதினார். சென்னையில் 1981-இல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக் சங்கம் வந்தது. 1985-இல் பூனம் நடராஜன் என்ற இன்னொரு தாய், இன்றைக்கு வித்யாசாகர் என்று அறியப்படும் அமைப்பைத் தொடங்கினார். எங்களுக்குத் தெற்கே, தென்காசி பக்கம் ஆய்க்குடியில், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டு வாசலில் குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி கிடைக்கச் செய்தார்கள். 1981 ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த வருடம்.

சட்டமும் பின்னால் வந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் இயக்கக் குறைபாட்டு வரையறையில் மூளை முடக்குவாதம் இடம்பெற்றது. 1999-இல் அதைப் பெயர் சொல்லித் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2010-இல் தமிழ்நாட்டில் தனித்துறை அமைந்து, மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசுத் தாள்களில் ஏறியது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழுக்களை அனுப்பி, மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று வகுத்தது. 2016 சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றது. இத்தனையும் எங்கள் தெருவுக்கு மேலே எங்கோ நடந்தன. நான் 'பொறு' என்ற ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சிக்குப் போன முதல் வாரம் பிசியோதெரபி தம்பி என்னிடம் கேட்டது, வீட்டில் பிள்ளையை எப்படித் தூக்குகிறீர்கள், எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்று. இரண்டு முழங்காலும் முன்னால் சேர்ந்து, பாதங்கள் இரண்டு பக்கமும் வெளியே போக உட்காருவான் என் மகன். அப்படி உட்கார விடாதீர்கள், சப்பணம் போட்டு உட்கார வையுங்கள், தொடையின் உள்தசை விரியும் என்றார். சப்பணம் என்ற எங்கள் ஊர்ச் சொல்லை அந்த அறையில் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், என் இரண்டு தொடைகளுக்கு நடுவே அவனை அமர்த்தி, முழங்கால்களை மெல்ல விரித்து, அவன் கைகளைப் பிடித்துச் சேர்த்துத் தட்டிப் பாடுவேன். எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை.

அப்பத்தா ஒருநாள் பழைய வழக்கம் ஒன்றைச் சொன்னார். நடக்காத பிள்ளைக்கு மணலில் இடுப்பளவு குழிவெட்டி, உள்ளே நிறுத்தி, சுற்றி மணலைத் தள்ளி நிற்கவைப்பார்களாம். மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் அப்படி ஒரு பிள்ளை நின்று அழுததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். வைத்தியம் தெரியாத கொடுமை என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதம் பயிற்சி அறையில் என் மகனை ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். முழங்காலுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, முன்னால் விளையாடப் பலகை. உடல் எடை காலில் இறங்கினால் தொடையெலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தி வளரும் என்றார்கள். மணல்குழியும் இந்தச் சட்டமும் ஒரே ஆசையில் பிறந்தவை. குழியில் பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது, முழங்கால் எங்கே இடிக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. மரச்சட்டத்தில் ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. வேறுபாடு அந்தப் பார்வையில் இருக்கிறது. அப்பத்தாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் நின்றுகொண்டு சிரிப்பதைப் பார்த்து, "அந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்கலத்தா" என்றார்.

என் மகனின் பருவங்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். கழுத்து நின்றது பத்தாம் மாதம். குப்புற விழுந்தது பதின்மூன்று. செங்கீரை ஒரு வயது ஐந்து மாதம். இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு, தாள்களில் 'இருக்கலாம்' என்பது போய்ப் பெயர் உறுதியாயிற்று. அந்த வாரம் நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. இரண்டு வயது மூன்று மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரில் சாய்ந்து சப்பணம் போட்டிருந்தவன் என் கை இல்லாமல் இரண்டு கைகளையும் நடுவில் கொண்டுவந்தான். இடது கை கொஞ்சம் பிந்தி வந்தது. சத்தமே வரவில்லை. மறுபடியும் கொண்டுவந்தான். இப்போது நாலரை வயது. காலில் பிளாஸ்டிக் பட்டையோடு, பின்னால் இழுத்துவரும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறான். வருகைப் பருவம் என்று தேதி போட்டிருக்கிறேன்.

மூளையில் விழுந்த தழும்பு ஆறாது. அது பெருகவும் செய்யாது. முதல் இரண்டு வருடத்தில் மூளை புதிய வழிகளைத் தேடிக்கொள்ளும் வேகம் பிறகு குறைந்துவிடும். அதனால்தான் நான் இழந்த ஐந்து மாதத்தை இன்னும் எண்ணுகிறேன். குமரகுருபரர் கதையை இப்போதும் வகுப்பில் சொல்கிறேன். அதோடு அந்தத் தாயின் ஐந்து வருடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். சப்பாணி என்று எழுதும்போது பின்வரிசையில் யாராவது சிரித்தால், பாடத்தை நிறுத்தி, அந்தச் சொல் முதலில் எதைக் குறித்தது என்று கையைத் தட்டிக் காட்டுகிறேன்.

போன பங்குனியில் எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் தன் நான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, கையை விரிக்கவே மாட்டேங்குறான். எங்க வீட்ல பொறுன்னு சொல்றாங்க" என்றாள். நான் அந்தச் சின்ன உள்ளங்கையில் என் விரலை நுழைத்துப் பார்த்தேன். கட்டை விரல் உள்ளே மடங்கி இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, நானே அவளைக் கூட்டிக்கொண்டு பழங்காநத்தத்தில் பஸ் ஏறினேன். அந்தக் குழந்தைக்கு எந்தப் பெயரும் இன்னும் வைக்கவில்லை. 'இருக்கலாம்' என்றுகூட எழுதவில்லை. பயிற்சி தொடங்கிவிட்டது. அவள் இழந்தது மூன்று வாரம்.